ஐநூறு கன்னு, ஒரே மரம்

போன வருஷம் ரஸ்தாளி ஐநூறு கன்னு வச்சேன். தார் போடுற நேரத்துல அடி இலை பழுத்து, தண்டைச் சுத்தி மடிஞ்சு தொங்க ஆரம்பிச்சது. கிழங்கை வெட்டிப் பார்த்தா உள்ளே செம்பழுப்பா இருக்கு. வாடல் நோய். "ஒண்ணு ரெண்டாவது தப்பிச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்று பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் டி.என்.ஏ. குறியீடுகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

நாம் வாழையை விதை போட்டு வளர்ப்பதில்லை. தாய்க் கட்டையிலிருந்து வரும் பக்கக்கன்றைத்தான் நடுகிறோம். எத்தனை கன்று வைத்தாலும் மரபில் எல்லாம் ஒரே மரம்தான். ஒன்று தாங்காத நோயை மற்றதும் தாங்காது.

சரி, ரகத்தை மாத்தலாம்னா பேரை நம்ப முடியாது. நம்ம ரஸ்தாளிக்குக் கேரளாவில் பூவன் என்று பெயர். நம்ம பூவன் அங்கே பாளையங்கோடன். அங்கேயிருந்து பூவன் கன்னுன்னு ஆசையா வாங்கிட்டு வந்தா, திரும்பவும் ரஸ்தாளிதான் வந்து நிற்கும்!

இந்தக் குழப்பத்தைக் குறியீடுகள் தீர்த்து வைக்கும். நிலத்தை அளக்கும்போது சர்வே கல்லைத்தானே பார்க்கிறோம்? அதுபோல, சின்ன இலைத்துண்டிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, குறிப்பிட்ட சில இடங்களை மட்டும் பி.சி.ஆர். முறையில் பல மடங்கு நகலெடுத்து ஒப்பிடுகிறார்கள். சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும். அதை வைத்து எது எதற்குச் சொந்தம் என்று சொல்லிவிடலாம்.

நம் வாழைகளுக்கு முன்னோர் இரண்டு காட்டு வாழைகள்: மூசா அக்யூமினேட்டா (ஏ), மூசா பால்பிசியானா (பி). 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் இருவரும் 15 வெளி அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு வாழைகளைப் பிரித்தார்கள். அதன்படி ரஸ்தாளியும் பூவனும் ஏஏபி, மொந்தன் ஏபிபி. ஆனால் ஒரே ஏஏபி என்றாலும், ரஸ்தாளியைச் சாய்க்கிற வாடலைப் பூவன் பெரும்பாலும் தாங்கி நிற்கும். அந்த மூன்று எழுத்துக்குள்ளே இருக்கிற வித்தியாசத்தைக் காட்டத்தான் குறியீடுகள் வேண்டியிருக்கு.

இந்த வருஷம் அந்தக் கொல்லையில் பூவனும் மொந்தனும் கலந்து வச்சிருக்கேன். ரஸ்தாளியை விடவும் மனசு வரலை. நோய் காணாத மேட்டுக்கொல்லையில் இருபது கன்னு மட்டும் நட்டிருக்கேன். உங்க ஊர்ல ரஸ்தாளியை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறீங்க? எழுதுங்க.