புள்ளி விழாத கீபோர்ட்

தமிழ்99 முறையில் தட்டச்சு செய்பவர்களுக்குப் புள்ளி இருப்பது எஃப் விசையில். 'க்க', 'ங்க' போன்ற இடங்களில் மென்பொருளே புள்ளி வைத்துவிடும். சொல்லின் கடைசி மெய்க்கும், 'வெட்கம்' போன்ற சொற்களின் நடு மெய்க்கும் நாம்தான் அதை அழுத்த வேண்டும். கண்டியில் வாங்கி கெலிஓயாவுக்குக் கொண்டுவந்த என் புதிய கீபோர்டில் பழுதாக இருந்தது அந்த விசைதான். ஒரு நேரம் விழும், ஒரு நேரம் விழாது. டியூஷன் ஆசிரியர்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுப்பது என் தொழில். 'கல்' என்று அடித்தால் 'கல' என்று நின்றது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் கைக்கு அப்படியொரு தாள் போகக் கூடாது.

மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி, நோட்பேடில் அதே விசையை அழுத்திப் பார்த்தேன். அங்கும் எழுத்து விட்டுவிட்டே வந்தது. வேறொரு மடிக்கணினியில் செருகியபோதும் அப்படித்தான். மென்பொருளில் குற்றமில்லை.

மலிவான கீபோர்டுகளுக்குள் மூன்று பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கடத்தும் கோடுகள், நடுத்தாளில் துளைகள். விசையை அழுத்தும்போது ரப்பர் குமிழ் அமுங்கி, துளை வழியே இரண்டு கோடுகளும் தொட்டுக்கொள்ளும். கோடு அறுந்திருந்தால் பெரும்பாலும் பல விசைகள் சேர்ந்தே நின்றுவிடும். ஒன்று மட்டும் தகராறு செய்தால் குறை அந்த இடத்தில்தான். கழற்றிப் பார்க்கக் கை துடித்தது. கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், திருப்பிக் கொண்டுபோக மனம் வரவில்லை. சின்னச் சாமானுக்காகக் கடையில் போய் நிற்பதா என்ற கூச்சம். பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு விசையின் வேலையை இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். கேப்ஸ் லொக்கைப் புள்ளியாக்கினேன். வேலையும் நடந்தது. ஆனால் இடது சுட்டுவிரல் தானாகவே எஃப்பைத்தான் தேடியது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் குறைக்காக என் விரல் ஏன் பழக்கத்தை மாற்ற வேண்டும்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் வணிகர் பில் கொடுத்தாக வேண்டும். முறைப்பாட்டை அந்தச் சபைக்கு எழுத்தில், வாங்கிய 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கவும் முடியும். குறையோடு பழகிக்கொள்பவருக்கு இந்த அவகாசமும் வாரண்டியும் வீட்டுக்குள்ளேயே கரைந்துபோகும். இதை நினைத்தபோதுதான் கூச்சம் விட்டது.

விட்டுவிட்டு வரும் பழுது கடைக்காரர் முன்னால் ஒழுங்காக வேலை செய்துவிடும். அதனால் புள்ளி விழாததைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு, பெட்டியோடும் பில்லோடும் கம்பளையிலிருந்து வந்த கண்டி பஸ்ஸில் ஏறினேன்.

"தாங்க அக்கா, போட்டுப் பார்ப்போம்" என்றார் கடைப் பையன். வீடியோவையும் பார்த்துவிட்டு வேறொன்று எடுத்துத் தந்தார். அதைக் கடைக் கணினியிலேயே செருகச் சொல்லி, மேல்வரிசையிலிருந்து ஸ்பேஸ்பார் வரை ஒவ்வொரு விசையாக அழுத்தினேன். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். நான் அவசரப்படவில்லை. மாற்றிக் கொடுத்த திகதியைப் பில்லில் எழுதி, சீல் அடித்துத் தரும்படியும் கேட்டேன். மறுபேச்சில்லாமல் அடித்துத் தந்தார்.