பீமன் வண்டி திரும்பும் இடம்

'தெருக்கூத்து' என்று சொல்லாதே, 'கட்டைக்கூத்து' என்று சொல் என்கிறார்கள் கலைஞர்களில் ஒரு சாரார். பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றவர்களும் 1990இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய சங்கத்தின் பெயரே கட்டைக்கூத்துச் சங்கம்தான். கிரீடம், புஜக்கட்டை என்று உடம்பில் கட்டும் மரக்கட்டை அணிகளால் வந்த பெயர் அது. 'தெரு' என்று சொல்லியே கலையை மட்டம் தட்டுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். ஆனாலும் அந்தத் 'தெரு'வை விட எனக்கு மனசில்லை. எங்களுக்குச் சண்டையே தெருவைப் பற்றியதுதானே.

உத்திரமேரூர்ப் பக்கம் திரௌபதி அம்மனுக்குப் பாரதம் வைத்தால், பகாசூரன் வதம் பட்டப்பகலில் நடக்கும். மேடை கிடையாது. சோறும் வடையும் பழமும் குவித்த மாட்டுவண்டியில் பீமன் தெருத்தெருவாக வருவார். பஸ் நின்றுவிடும். கடைவாசலில் தொங்கும் தாரிலிருந்து ஒரு சீப்பைப் பிய்ப்பார், கடைக்காரர் சிரிப்பார். பெரிய வீட்டுத் திண்ணையில் ஏறி "பசிக்குது, கொண்டாங்க" என்று அதட்டுவார். உள்ளேயிருந்து சோறு வரும். அன்றைக்கு எவனுக்கும் வேலை ஓடாது.

எங்கள் ஊரில் அந்த வண்டி ஏரிக்கரை அரசமரத்தோடு திரும்பிவிடும். மரத்துக்கு இந்தப் பக்கம் சேரி. நின்ற இடத்திலிருந்தே பீமன் வடையை வீசுவார். ஆயா என்னைப் பொறுக்க விட்டதேயில்லை. "ஊரு பூரா பசிக்குதுன்னு போறவனுக்கு நம்ப ஊட்டுச் சோறு மட்டும் வேணாமா?" என்பாள்.

எங்கள் சேரியிலும் ஒரு ஜமா இருந்தது. பெரியப்பாதான் கட்டியக்காரன். எழுபதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம், கங்கையம்மன் கூத்து விடிந்து முடிந்ததும், அரிதாரத்தைக் கலைக்காமல் கோமாளிக் குல்லாயோடு நேராக ஊர்த்தெருவுக்கு நடந்தார். பின்னாலேயே பொடிசுகள் நாங்கள். டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"அஸ்தினாபுரத்துலேர்ந்து நடந்தே வந்துகீறேன். தொண்ட வத்திப்போச்சு. கிளாசுல ஒரு டீ ஊத்துடா!"

'டா' என்றதும் எனக்கு வயிறு கலங்கியது. கூட்டமோ விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவின் சேவகனல்லவா, டீ கிளாசிலேயே வந்தது. குடித்துவிட்டு, "காசை ராஜாகிட்ட வாங்கிக்கோ" என்று எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலை, "சாமி, ஒரு டீ" என்று அதே கடைக்கு வெளியே நின்றார். "நேத்து நல்லா ஆடினடா" என்று கடைக்காரர் மெச்சினார். மெச்சிக்கொண்டே, கூரையில் செருகியிருந்த அலுமினிய டம்ளரை எடுத்துக் கழுவச் சொன்னார்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை ஜனநாயகம் என்று போட்டோ எடுக்கிறார்கள். அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35க்கு மேல் 70க்குள் வயது, இத்தனையும் இருந்தால்தான் குடத்தில் பெயர் விழும். பெரியப்பாவுக்கு இருந்த தகுதி முகத்து அரிதாரம் மட்டும். அரைநாள் செல்லுபடியானது.

வேஷம் கட்டித் தெருவை மறிப்பவனை மன்னிக்கிறார்கள். வேஷமில்லாமல் மறித்தால் கதை வேறு. 1989 ஜனவரி 1ஆம் தேதி சாகிபாபாத்தில் தொழிலாளர்களுக்காகத் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்த சப்தர் ஹஷ்மியை அடித்தார்கள், மறுநாள் செத்துப்போனார்.

எங்கள் ஊரில் பெரியப்பா டீ குடித்த அடுத்த வருஷம், பையன்கள் ஏழெட்டுப் பேர் வெறும் சட்டை கைலியோடு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. கடையைப் பதினைந்து நாள் பூட்டிவைத்தார்கள்.