கோதுமை படாத போத்தல்

போன கிழமை பாடசாலை இப்தாரில் எங்கள் மகள் ஒரு சின்னப் போத்தலோடு தனியாக இருந்ததைப் பார்த்து, "டீச்சர், பிள்ளைக்கு ரோல்ஸ் பிடிக்காதா?" என்று பலர் கேட்டீர்கள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை அது. போத்தலில் இருந்ததைச் சுவைத்துப் பார்த்தவர்கள் செய்முறையும் கேட்டீர்கள். இரண்டையும் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு ரோல்ஸ் நன்றாகப் பிடிக்கும். அதுதான் பிரச்சினையே. எட்டு வயது வரை பாண், ரொட்டி, பட்டீஸ் இல்லாமல் அவளுக்கு ஒரு நாள் போகாது. வயிறு ஊதும், அடிக்கடி வயிற்றோட்டம், வகுப்பில் எல்லாரையும் விடக் குட்டை. பூச்சி மருந்து கொடுத்தோம், ஓதிப் பார்த்தோம். சாப்பிடப் பஞ்சிப்படுகிறாள் என்று ஏசியும் இருக்கிறோம். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் இரத்தம் ஏறாதபோதுதான் ஒரு வைத்தியர் வேறொரு இரத்தப் பரிசோதனை எழுதித் தந்தார். பிறகு குழாய் விட்டு, சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்றார்கள். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் குளூட்டன் என்றொரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் இந்தப் பிள்ளைகளின் உடம்பு தன் குடலையே தாக்கத் தொடங்கிவிடும். அந்தத் தானியங்களை வாழ்நாள் முழுக்க விடுவதுதான் வைத்தியம்.

கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர். 1944-45 குளிர்காலத்தில், ஜேர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் அங்கே பாண் கிடைக்காமல் சனம் பட்டினி கிடந்தது. அந்த நேரத்தில் சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950இல் அவர் அதை ஆய்வேடாக எழுதினார். தடைக்குள் வாழ்ந்த யாழ்ப்பாணத்தாருக்குப் பாண் இல்லாத காலத்தை விளக்கத் தேவையில்லை.

எங்கள் வீட்டிலோ மா என்றால் கோதுமை மாதான். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லிப் புலிகள் எங்களை வெளியேற்றியபோது உம்மம்மா சோனகத் தெரு வீட்டிலிருந்து உடுத்த உடுப்போடு புறப்பட்டா. புத்தளம் முகாமில் நிவாரணமாக அரிசி, மா, பருப்பு, சீனி வந்தது. குரக்கன் இடிக்க உரலும் இல்லை, உரல் வைக்க இடமும் இல்லை. சின்னப் பிள்ளைகளாக இருந்த நாங்கள் ரொட்டி தட்டித்தான் சமையல் பழகினோம். ஊருக்குத் திரும்பி வந்து இத்தனை வருடமாகியும் கை மாறவில்லை.

லண்டனில் இருக்கும் மாமா ஒரு பக்கற் அனுப்பினார். குளூட்டன் இல்லாத கிரானோலா. சஹருக்குப் பாலில் போட்டுச் சாப்பிட மகளுக்குப் பிடித்துப்போனது. அதைக் கொழும்பில் விசாரித்தால், ஒரு பக்கற்றின் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமை மரக்கறி வாங்கலாம். நாங்களே செய்வோம் என்று இறங்கினோம். வேடிக்கை என்னவென்றால், 1863இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜாக்சன் என்ற வைத்தியர் 'கிரானுலா' என்று முதலில் செய்ததே முழுக்கோதுமை மாவைச் சுட்டு உடைத்துத்தான்.

முதல் தடவை கடை ஓட்ஸில் செய்தோம். ஓட்ஸ் கோதுமை இல்லைதான். ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாம் தடவை பக்கற் குரக்கன் மா. அதில் என்ன கலந்திருந்ததோ, எந்த மெஷினில் அரைத்தார்களோ. இரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். "நீங்க செஞ்சது எண்டுதானே உம்மா சாப்பிட்டேன்" என்றாள். அதன் பிறகு ஒரு மாதம் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆச்சிதான் கேட்டா. "அமெரிக்கன் மா வரமுன்னம் நாங்கள் என்ன பட்டினியே கிடந்தனாங்கள், பிள்ளை?" அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவுக்கு அந்தக் காலத்தில் ஒட்டிய பெயர் அது. திருகோணமலையில் மா ஆலை வந்த பிறகும் அவவின் வாயில் அந்தப் பெயர் போகவில்லை. அடுத்த நாள் பேரனைக் கொண்டு தன் திரிகையைத் தூக்குவித்து எங்கள் குசினியில் வைத்தா. "இது உளுந்தும் பயறும் குரக்கனும்தான் கண்டது. கோதுமையின்ர மணம் கூடத் தெரியாது." கூடவே ஒரு பை புழுக்கொடியலும் இரண்டு பனங்கட்டிக் குட்டானும். காசைக் கையால் தொடவில்லை.

இனிச் செய்முறை. சிவப்பு அவல் மூன்று கோப்பை எடுத்து, வெறும் தாச்சியில் மொறுமொறுப்பாகும் வரை வறுக்க வேண்டும். கச்சான் ஒரு கோப்பை, எள்ளு அரை, சின்னதாக அரிந்த தேங்காய்ச் சொட்டு அரை, எல்லாவற்றையும் தனித்தனியாக வறுங்கள். ஒன்றாகப் போட்டால் எள்ளுக் கருகி, தேங்காய் பச்சையாக நிற்கும். புழுக்கொடியலை உரலில் இடித்து, குறுணி அளவில் அரைக் கோப்பை. மா போல இடித்துவிடாதீர்கள், கடிபட வேண்டும். (ஒடியல் வேறு, புழுக்கொடியல் வேறு. அவிக்காமல் காயவைத்த ஒடியலை இதில் போட வேண்டாம்.) வறுத்த குரக்கன் மா இரண்டு மேசைக்கரண்டி. நூற்றைம்பது கிராம் பனங்கட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடித்து, இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயும் உப்புச் சிட்டிகையும் சேர்த்துக் கம்பிப் பதம் வரும் வரை காய்ச்சுங்கள். எல்லாவற்றையும் அதில் பிரட்டி, அவண் இருந்தால் 150 பாகையில் இருபது நிமிடம். இல்லாவிட்டால் அடி தடித்த தாச்சியில் மெல்லிய நெருப்பில் கிளறலாம். எங்களுக்கு அதுதான் ருசி. நன்றாக ஆறிய பிறகே அரிந்த ஈத்தம்பழத்தைக் கலந்து போத்தலில் போடுங்கள். சூட்டோடு மூடினால் அவல் நமுத்துவிடும். பனங்கட்டியும் இனிப்புத்தான், ஆகவே சீனி வருத்தம் உள்ளவர்கள் ஆரோக்கியம் என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

மாவை விடுவது ஒரு பங்கு வேலை. ஒளிந்திருப்பதைப் பிடிப்பதுதான் மிச்சம். கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மா கலக்கிறார்கள். மோல்ட் பானங்களில் பார்லி இருக்கிறது. நோன்புக் கஞ்சி நல்ல சாப்பாடு, ஆனால் அதில் போடும் சில சூப் கட்டிகளில் கோதுமை இருக்கலாம். பட்டீஸ் எடுத்த கரண்டி வடைத் தட்டுக்குள் போனால் அந்தத் தட்டும் அவளுக்கு ஆகாது. கூட்டாளிகளோடு ஒரே சஹனில் உட்கார அவளுக்கு எவ்வளவு ஆசை என்று எங்களுக்குத்தான் தெரியும். அடுத்த இப்தாரில் ஒரு சஹனை மாப் பண்டம் எதுவும் வைக்காமல் ஒதுக்கித் தாருங்கள். சோறும் கறியும் பழமும் போதும்.

இன்னொன்று. உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருக்குமோ என்று சந்தேகித்தால், இதை வாசித்த கையோடு பாணை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனையில் நோய் சரியாகத் தெரியும். முதலில் வைத்தியரிடம் போங்கள்.

ஆச்சி தந்த புழுக்கொடியல் முடியப்போகிறது. யாருடைய வீட்டிலாவது மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், விலைக்கு வாங்குகிறோம். திரிகை வேண்டுமென்றால் ஆச்சியிடமே கேளுங்கள். கோதுமை அரைக்க மாட்டோம் என்று சத்தியம் வாங்காமல் தர மாட்டா.