விசை சாகவில்லை... வேலைதான் மாறியிருக்கிறது!

எஃப்-1 முதல் எஃப்-12 வரை உள்ள விசைகளின் அருமை ஆட்டோகேட் லேப்பில்தான் தெரியும். எஃப்-3 தட்டினால் ஆப்ஜெக்ட் ஸ்நாப், எஃப்-7 கிரிட், எஃப்-8 ஆர்த்தோ. ஆர்த்தோ இல்லாமல் கிடைக்கோடு, குத்துக்கோடு போடுவது, டி-ஸ்கொயர் இல்லாமல் டிராயிங் ஷீட்டில் கோடு போடுகிற மாதிரிதான்!

போன செமஸ்டர் செய்முறைத் தேர்வுக்கு நாலே நாள். என் அறை நண்பனின் லேப்டாப்பில் எஃப்-8 தட்டினால் ஆர்த்தோ வரவில்லை. திரை வெளிச்சம்தான் கூடியது. கடையில் காட்டினான். "கீபோர்டு போயிருச்சு தம்பி, மாத்தணும். ரெண்டாயிரம் ஆகும்" என்றார்கள். அவன் அப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். வீட்டில் எப்படிக் கேட்பது என்று ராத்திரி முழுக்கப் புரண்டு கொண்டிருந்தான்.

"டேய், கீபோர்டு செத்திருந்தா வெளிச்சம் எப்படிடா கூடும்?" என்று கேட்டேன். எழுந்து உட்கார்ந்தான்.

விஷயம் இதுதான். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் எஃப் விசைகள் பத்து, இடது ஓரத்தில் தனியாக இருந்தன. இன்றைய லேப்டாப்பில் இடம் ஏது? வெளிச்சம், ஒலி எல்லாவற்றையும் அதே விசைகளின் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு விசை, இரண்டு வேலை! எது முதல் வேலை என்பது ஒரு செட்டிங். அது மாறிவிட்டால், எஃப்-8 தட்டிய செய்தி ஆட்டோகேட்டுக்குப் போகவே போகாது.

எஃப்.என். விசையை அழுத்திக்கொண்டு எஃப்-8 தட்டச் சொன்னேன். ஆர்த்தோ வந்துவிட்டது! எஸ்கேப் விசையில் சின்னப் பூட்டுப் படம் இருந்தது. எஃப்.என்., எஸ்கேப் இரண்டையும் சேர்த்து ஒரு தட்டு... பழையபடி ஆயிற்று. செலவு: பூஜ்யம்.

உங்களுக்கும் இப்படி வந்தால், வரிசையாகப் பாருங்கள்:

1. எஃப்.என். சேர்த்து அழுத்தினால் வேலை செய்கிறதா? அப்படியானால் செட்டிங்தான். பூட்டுப் படம் இல்லாவிட்டால் பயாஸுக்குள் தேடுங்கள். எச்.பி. லேப்டாப்புகள் பலவற்றில் அதற்கு 'ஆக்‌ஷன் கீஸ் மோட்' என்று பெயர்.

2. யு.எஸ்.பி. கீபோர்டு ஒன்றைக் கடன் வாங்கிச் சொருகுங்கள். அதிலும் எஃப்-8 வேலை செய்யாவிட்டால், கோளாறு விண்டோஸிலோ மென்பொருளிலோ இருக்கலாம்.

3. விண்டோஸை மறுபடி ஏற்றிய பிறகு வெளிச்சம், ஒலி விசைகள் நின்றுவிட்டனவா? லேப்டாப் கம்பெனியின் ஹாட்-கீ டிரைவரைப் போடுங்கள்.

4. ஒரே ஒரு விசை மட்டும், எதைச் சேர்த்து அழுத்தினாலும் அசையவில்லையா? டீ, தண்ணீர் கொட்டியதா? அப்போதுதான் கீபோர்டு மீது சந்தேகப்படலாம்.

மோட்டார் ஓடவில்லை என்றால் உடனே காயிலையா பிரிக்கிறோம்? முதலில் சப்ளை வருகிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம்! லேப்டாப்புக்கும் அதே பாடம்தான். பாகத்தை மாற்ற யாராலும் முடியும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் நமக்கு மூன்று வருஷப் படிப்பு. பக்கத்து அறையில் யாராவது "கீபோர்டு போச்சு" என்று உட்கார்ந்திருந்தால், கடைக்குப் போகுமுன் ஒரு பத்து நிமிஷம் கூட உட்காருங்கள். அது ஒரு அப்பாவின் சில நாள் கூலியாக இருக்கலாம்!