வெள்ளத்துக்கு ஓர் இடம்

ஆறு பெருக்கெடுத்து ஊருக்குள் நுழைந்துவிட்டால், ‘கரையை உயர்த்துங்கள்’ என்பதே நம்மில் பெரும்பாலோர் சொல்லும் முதல் யோசனை. கரையை உயர்த்தினால் நம் தெரு தப்பக்கூடும், நீரோ குறைவதில்லை. இன்னும் வேகமாக அது அடுத்த ஊரின் வாயிலில் போய் நிற்கும். ஆகவே, வெள்ளத்தை வழியிலேயே எங்கே சிறிது தங்கவைக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதே அறிவுடைமையாகும்.

அவ்வாறு எண்ணிப் பார்த்த ஊர், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன். 1913 மார்ச்சில் கிரேட் மயாமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 360-க்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். எஞ்சிய மக்கள் 20 லட்சம் டாலருக்கும் மேலாகத் தாமே நிதி திரட்டினர். ஆர்தர் மார்கன் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி, 1922-க்குள் ஐந்து மண் அணைகள் எழுந்தன.

சாதாரண நாட்களில் அவ்வணைகளின் பின்னே நீர் தேங்குவதில்லை. அடியிலுள்ள கான்கிரீட் வழிகளில் ஆறு தன் போக்கில் ஓடும். அவ்வழிகளுக்குக் கதவுகளே கிடையா. பெருவெள்ளம் வருங்கால் அவை கொள்ளுமளவே கீழே போகும்; மிச்சம் பின்புறத்து வயல்களில் பரவி நின்று மெல்ல வடியும். திறப்பதா, மூடுவதா என்று நள்ளிரவில் எவரும் தவிக்க வேண்டியதில்லை. 1913-இன் வெள்ளத்தைவிட 40 சதவீதம் மிகுதியான நீரையும் தாங்கும்படி கணக்கிட்டார்கள். ஐந்தையும் சேர்த்தே கணக்கிட்டார்கள். ஏனெனில், ஒரு கிளையாற்றைத் தாமதப்படுத்தப் போய், அதன் நீர் மற்றொன்றின் உச்சவெள்ளத்தோடு சேர்ந்துவிட்டால் கேடு கூடுமன்றோ?

இதைப் படிக்கையில் நம் நெஞ்சு அடையாற்றங்கரைக்குப் போகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. மற்ற ஏரிகளின் உபரிநீரும் ஆற்றில் கலந்தது. வெள்ளம் வடிந்தபின் சைதாப்பேட்டைச் சந்துகளில் நடந்தோம். பிள்ளைகளின் சான்றிதழ்களையும் குடும்ப அட்டைகளையும் தாய்மார்கள் வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தனர். ‘ஏரியை முன்பே காலி செய்திருக்கலாகாதா?’ என்று எங்கும் கேட்டனர். அதே ஏரி 2019 கோடையில் வறண்டு வெடித்துக் கிடக்க, சென்னை குடிநீருக்குத் தவித்தது. தாகம் தீர்க்கும் ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளம் தாங்கும் இடம் வெறுமையாயிருக்க வேண்டும். இரண்டையும் ஓர் ஏரியிடமே கேட்டால் அது என் செய்யும்? வெள்ளத்துக்கென்று தனியே நிலம் வேண்டும்.

அந்த நிலம் விலையின்றிக் கிடைப்பதில்லை. டேட்டனைக் காக்க, ஆஸ்பர்ன் என்னும் சிற்றூர் தன் வீடுகளோடு வேறிடத்துக்குப் பெயர்ந்தது. காப்புப் பெற்ற நிலவுடைமையாளர்கள் தத்தம் நன்மைக்கேற்பப் பணம் செலுத்தினர். இந்நியாயத்தை நாமும் ஏற்க வேண்டும். நமக்காக மேற்புறத்து உழவர் தம் வயலைச் சில நாட்கள் நீருக்கு விட்டுக்கொடுத்தால், அவருடைய இழப்பை ஈடுசெய்யும் கடன் நம்முடையது. வெறுமையாய்க் கிடக்கும் தாழ்நிலத்தை மனையாக வாங்குமுன், மழைக்காலத்தில் அங்கே தங்கும் நீர் இனி எவர் வீட்டுக்குப் போகும் என்று கேட்பதும் நம் கடனே. அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; ஓர் ஆற்றின் மேலும் கீழும் வாழ்வோர் அனைவரும் அண்டை வீட்டாரே.