வக்கீல் இல்லாம விவாகரத்து

ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறப்போ வக்கீல் எதுக்கு? கட்டாயமில்லைன்னு சட்டமே சொல்லுது. 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் 13ஆவது பிரிவுப்படி, அங்கே வக்கீல் வெச்சுக்கிறது உரிமையே கிடையாது, நீதிமன்றம் அனுமதிச்சாதான். உதாரணத்துக்கு, சென்னையை அடுத்த சேலையூர் கேம்ப் ரோட்டுல கடைசியா சேர்ந்து குடியிருந்த இந்து தம்பதி, இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல கூட்டு மனு எழுதி இ-ஃபைலிங்ல தாங்களே ஏத்தலாம். பத்துப் பொருத்தம் பார்த்துச் சேர்த்துவைக்கிற நாமதான் பிரியறதுக்கு பிடிஎஃப் சைஸ் பார்க்கிறோம்!

ஆனா ஆன்லைன்ல போறது மனு மட்டும்தான், விவாகரத்து இல்ல. ஒரு வருஷம் பிரிஞ்சிருக்கணும். முதல் மனுவுக்கப்புறம் ஆறு மாசம் காத்திருக்கணும். தகுந்த வழக்குல அந்த ஆறு மாசத்தைத் தளர்த்தலாம்னு 2017ல அமர்தீப் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

'வக்கீல் இல்லேன்னா பொண்ணை மிரட்டிக் கையெழுத்து வாங்கிடுவாங்களே'ன்னு கேட்கலாம். நியாயமான பயம்தான். சம்மதம் வற்புறுத்தி வாங்கினதில்லைன்னு நீதிபதி திருப்தியாகணும். தீர்ப்புக்கு முன்னாடி மனசு மாறினா சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். ஆனா நகை, ஜீவனாம்சம், குழந்தை யார்கிட்ட, பள்ளிக்கூட ஃபீஸ் யார் கட்டறதுங்கிற வரிகள்லதான் ஏமாறுவாங்க. 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை'ன்னு ஒரு வரி போதும். அந்த வரிகளை மட்டுமாவது விவரம் தெரிஞ்சவங்க படிக்கணும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு, வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. இது எத்தனை பேருக்குத் தெரியும்?