எழும்பூர் ரயிலடி

தென் ஜில்லாக்களிலிருந்து சென்னைக்கு முதன்முறையாக வருகிறவர்களுக்கு நாம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பட்டணத்தின் பெரிய ரயில் நிலையம் ஒன்றல்ல. மதுரை, திருச்சி, திருநெல்வேலி வண்டிகளில் பெரும்பாலானவை வந்து சேருமிடம் எழும்பூர். டில்லிக்கும் ஹௌராவுக்கும் போகும் வண்டிகளோ பெரும்பாலும் சென்ட்ரலிலிருந்து புறப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே சுமார் 2 கிலோமீட்டர் தூரம். இந்த வித்தியாசத்தை அறியாமல் மூட்டை முடிச்சுகளுடன் அலைந்து, வண்டியைக் கோட்டைவிட்டவர்கள் எத்தனையோ பேர். 2018-ஆம் ஆண்டு முதல் இங்கே பூமிக்கடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. எழும்பூரில் ஏறினால் அடுத்த நிலையமே சென்ட்ரல்.

இறங்கியதும் போர்ட்டரிடம் கூலியைப் பேசி முடித்துக்கொண்டே சாமானைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு காந்தி-இர்வின் சாலைப் பக்கம் வந்து, கட்டிடத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். சிவப்பும் வெண்மையும் கலந்த சுவர்கள். மேலே மொகலாயர் மாளிகைகளை நினைவூட்டும் கவிகைகள். மைசூர் அரண்மனைக்குப் படம் வரைந்த ஹென்றி இர்வின் துரையே இதற்கும் வரைந்தவர். சாலையின் பெயரிலுள்ள இர்வின் வேறு. அவர் 1931-இல் காந்தியடிகளுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வைஸ்ராய். படம் வெள்ளையருடையதாயினும், கட்டி முடித்தவர் பெங்களூர்க் காண்டிராக்டர் சாமிநாத பிள்ளை. 1905-இல் தொடங்கிய வேலை நிறைவேறி, 1908 ஜூன் 11-ந் தேதி நிலையம் திறக்கப்பட்டது.

1914-இல் பாம்பன் பாலம் ஏற்பட்ட பின், இங்கே போட் மெயிலில் ஏறியவர் தனுஷ்கோடி சென்று, கப்பலில் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து ரயிலில் கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அந்த வழியும் அத்துடன் முடிந்தது.

அந்நாளில் இந்த ரயில்வே லண்டனில் பதிவான ஒரு கம்பெனியின் வசம் இருந்தது. கூட்டமெல்லாம் மூன்றாம் வகுப்பில். சௌகரியமெல்லாம் மேல் வகுப்பில். நாடெங்கும் இருந்த இந்த அநீதியைக் காந்தியடிகள் 1917-இல் எழுதி வெளிப்படுத்தினார். 1944-இல் கம்பெனி நிர்வாகம் ஒழிந்தது. 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் மறைந்தது. ஆயினும், பண்டிகைக்கு முதல்நாள் மாலை முன்பதிவில்லாத பெட்டிக்கு முன்னால், இடுப்பில் குழந்தையுடன் நெரிசலில் நிற்கும் தாயைக் காணும்போது, மறைந்தது பெயர் மட்டுந்தானோ என்று கேட்கத் தோன்றுகிறது.

எழும்பூரைப் பார்க்க வருகிறவர்கள் கவிகைகளைக் கண்டு வியப்பது நியாயமே. அந்தத் தாய்க்கு உட்கார ஓர் இடமும், குடிக்கச் சுத்தமான தண்ணீரும் கிடைக்கின்றனவா என்றும் கவனியுங்கள். ரயில் இப்போது நம்முடையது. குறை கண்டால் எடுத்துச் சொல்வதும், பிளாட்பாரத்தை நாமே அசுத்தம் செய்யாதிருப்பதும் நம் கடமை.